பராமரிப்பு என்று எழுதிய மணிநேரங்கள்

எங்கள் அனல்மின் நிலையத்தில் கரியமில வாயுவைப் பிடிக்கிற புதுப் பிரிவுக்கு ஆட்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. முதலில் வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் வைத்தவனுக்கு நல்ல கண். நீராவியில் பங்கு, மின்சாரத்தில் பங்கு, தண்ணீரில் பங்கு என்று எல்லாவற்றிலும் முதல் பந்தி அதற்குத்தான். கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிடும். வெளியாட்கள் வந்தால் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். அது ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தி செய்யவில்லையே என்று யாரும் கேட்கக் கூடாது.

நான் அந்த மாப்பிள்ளையின் வேதியியலாளர். அதாவது அதற்கு நாடி பிடித்துப் பார்ப்பவள். புகைபோக்கிக்குப் போகிற புகையை வழியிலேயே திருப்பி ஒரு உயரமான கோபுரத்துக்குள் விடுவோம். மேலிருந்து ஒரு கரைசல் கொட்டும். அது புகையிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கரைசலைப் பக்கத்துக் கோபுரத்துக்குக் கொண்டுபோய் நீராவியால் சூடாக்கினால் உறிஞ்சியதை விட்டுவிடும். விட்ட வாயுவைக் கம்ப்ரசர் அழுத்திக் குழாய் வழியே பூமிக்கு அடியில் தள்ளிவிடும். சொன்னால் இவ்வளவுதான். மூன்று வருடமாக நான் அந்தக் கரைசலைக் காலையும் மாலையும் குப்பியில் பிடித்துச் சோதித்து, எவ்வளவு பிடித்தோம் என்று லாக் புத்தகத்தில் எழுதிவந்தேன். கரைசலுக்குக் கெட்டுப்போன மீனின் வாடை. என்ன சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும், அது ஒரு வசதி.

புத்தகத்தில் எழுதிய எண் தொண்ணூற்றொன்று. நூறு பங்கு கரியமில வாயு வந்தால் தொண்ணூற்றொன்றைப் பிடித்துவிடுகிறோம் என்று அர்த்தம். வாசல் கேட்டில் ஆள் உயரத்துக்கு அந்த எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அது பொய் இல்லை. பொய்யாக இருந்தால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும், என்றைக்காவது சண்டை போட்டிருப்பேன்.

விஷயம் இதுதான். பகலெல்லாம் சூரியத் தகடுகள் ஊருக்கு மின்சாரம் கொடுத்துவிடும். எங்களை யாரும் சீந்த மாட்டார்கள். சூரியன் இறங்கியதும் வீட்டுக்கு வீடு விளக்கும் அடுப்பும் ஏசியும் ஒரே நேரத்தில் எரிய ஆரம்பிக்கும். அப்போது மின்பகிர்வு மையத்திலிருந்து போன் வரும், இருக்கிறதையெல்லாம் கொடு என்று. எங்கள் மூன்றாவது கொதிகலன் கொடுப்பது இருநூறு மெகாவாட். மாப்பிள்ளைக்கு நீராவி பங்கு போட்டால் அதில் நாற்பது போய்விடும். அதனால் ஆறேகால் மணிக்கு டர்பைன் மேசையில் இருப்பவர் மாப்பிள்ளைக்குப் போகிற நீராவி வால்வை மூடிவிடுவார். பதினோரு மணிக்குத் திறப்பார். காலையிலும் இரண்டு மணி நேரம் அப்படித்தான். திறந்த பிறகு கோபுரம் பழையபடி சூடாக ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் ஆகும். கரி எந்த நேரத்துக்காக இன்னும் வேண்டும் என்கிறார்களோ, சரியாக அந்த நேரத்தில்தான் அதைச் சுத்தப்படுத்துகிற இயந்திரம் தூங்கிக்கொண்டிருக்கும்.

அந்த மணிநேரங்களுக்குப் புத்தகத்தில் என்ன எழுதுவது? முதல் வருடம் நான் கட்டத்தைக் காலியாக விட்டேன். அப்போதைய ஷிப்ட் அதிகாரி வந்து, காலியாக விட்டால் தணிக்கையில் கேட்பார்கள், ஏதாவது எழுதுங்கள் என்றார். பராமரிப்பு என்று எழுதினேன். பராமரிப்பு நேரங்கள் சராசரியில் சேராது என்பது விதி. ஓடிய நேரத்துக்கு மட்டும் சராசரி எடுத்தால் தொண்ணூற்றொன்று வரும். நாளெல்லாம் சேர்த்து எடுத்தால் எவ்வளவு வரும் என்று ஒருநாள் எரிச்சலில் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குப்பி கழுவப் போனேன்.

டர்பைன் மேசையில் மாலை ஷிப்டில் பெரும்பாலும் இருப்பவன் என் தம்பி. கரி அள்ளுகிற கன்வேயரில் தினக்கூலியாகச் சேர்ந்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி அந்த நாற்காலிக்கு வந்தவன். நாற்பத்து நான்கு வயது. படிக்கிற பெண்கள் இரண்டு பேர். குடியிருப்பில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் வால்வை மூடுவான், நான் பராமரிப்பு என்று எழுதுவேன். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

இப்படியே போயிருக்கும். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு குழு வரப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. இந்த மாதிரி இயந்திரத்துக்கு இனிமேல் இடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்கிற குழு. உண்டு என்றால் மற்ற இரண்டு கொதிகலன்களுக்கும் ஆளுக்கொரு மாப்பிள்ளை வரும், நிலையம் இன்னும் இருபது வருடம் ஓடும். இல்லை என்றால் இரண்டு வருடத்தில் பூட்டு. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் நிலையத்தின் பொது மேலாளர், எங்களுக்கு ஜி.எம்., எல்லாரையும் கூட்டி வைத்து, நாளைக்கு மாலை வால்வை மூடக் கூடாது, மையத்தில் பேசி அனுமதி வாங்கியாகிவிட்டது என்றார். குழு காலை பத்து மணிக்கு வந்து ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பும். அதுவரை மாப்பிள்ளை கண் அசரக் கூடாது. சாயங்காலம் தம்பி என் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டே பேசினான். குழு உன்னிடம் ஏதாவது கேட்குமா என்றான். கேட்டால் புத்தகத்தைக் காட்டுவேன் என்றேன். புத்தகத்தை மட்டும் காட்டு, வாயைத் திறக்காதே என்றான். எனக்குச் சுருக்கென்றது. என்னை என்ன ஊர் வம்பு பேசுகிறவள் என்று நினைத்தாயா என்று கேட்டுவிட்டேன்.

"உனக்கென்னக்கா, எட்டு மாசத்துல நீ போயிடுவ. எனக்கு இன்னும் பதினாறு வருஷம் இருக்கு. இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு எடுப்பான்?"

ஒன்றும் சொல்ல மாட்டேன், போய்த் தூங்கு என்றேன். உண்மையிலேயே ஒன்றும் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன்.

குழுவில் நான்கு பேர். மூன்று பேர் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். நான்காவது ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், தடிமனான கண்ணாடி. மற்றவர்கள் காபி குடிக்கும்போது அவள் என் ஆய்வகத்துக்கு வந்து கரைசல் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. கரைசல் எத்தனை நாளில் கெட்டுப்போகிறது, கெட்டதை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அது நல்லதற்கில்லை என்றும் தோன்றியது.

நாள் முழுக்க மாப்பிள்ளை நல்ல பிள்ளையாக ஓடியது. பெரிய திரையில் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. ஜி.எம். ஒவ்வொரு தடவையும் திரையைத் தான் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்தார். காற்றாலையும் சூரியத் தகடும் இருக்கட்டும், ராத்திரிக்கு யார் விளக்குக் கொடுப்பது என்று கேட்டார். கரியைக் குறை சொல்லலாம், கரி இல்லாமல் இருக்க முடியாது, அதனால் கரியைச் சுத்தமாக்குவதுதான் வழி என்றார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகத்தான் பட்டது. இந்த இயந்திரத்தை நான் ஏளனம் செய்தாலும் வெறுத்தவள் இல்லை. கரைசல் நன்றாக இருக்கிற நாளில் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மணி ஆறைத் தாண்டியது. நாங்கள் எல்லாரும் மாப்பிள்ளையின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தோம். டர்பைன் மேசை முந்நூறு அடி தள்ளி வேறு கட்டடத்தில். ஜி.எம். பூமிக்கு அடியில் போகிற குழாயின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது கம்ப்ரசரின் சத்தம் மாறியது. வெளியாட்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பதினாறு.

திரையில் நீராவியின் கோடு செங்குத்தாக இறங்கியது. பத்து நிமிடத்தில் கம்ப்ரசர் தானாக நின்றது. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால், நின்றதும் ஜி.எம்.மின் குரல் மட்டும் அறையில் பெரிதாகக் கேட்டது. அவரும் நிறுத்தினார். எண் எழுபதாயிற்று, நாற்பதாயிற்று, பிறகு பார்க்கவே சகிக்கவில்லை.

தம்பி வேண்டுமென்று செய்யவில்லை. பிறகு அவன் சொன்னான், நான் அப்போதே அறிந்திருந்தேன். ஆறேகாலுக்கு மையத்திலிருந்து வழக்கம்போல வேறு எதற்கோ போன் வந்திருக்கிறது. ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு பதில் சொல்லும்போதே, மூன்று வருடமாக அந்த நேரத்தில் செய்கிற வேலையைக் கை செய்துவிட்டது. முந்தின நாள் என் வீட்டு வாசலில் நின்று வாயைத் திறக்காதே என்று சொன்னவன் அவன்தான். போனை வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்திருக்கிறான். உடனே திறந்தாலும் சூடேற முக்கால் மணி நேரம்.

கண்ணாடிப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஜி.எம். மென்று விழுங்கினார். போனை எடுத்து அந்தக் கட்டடத்தில் பேசினார், சரி சரி என்றார், வைத்தார். ஒரு நிமிடத்தில் முகத்தைச் சரிசெய்துகொண்டார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குப் புரிந்தது.

"ஒரு ஆபரேட்டரோட தப்பு. தெளிவா எழுதிக் கொடுத்த உத்தரவை மீறி வால்வை மூடியிருக்கார். இங்க இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததே இல்ல. இன்னைக்கே சஸ்பெண்ட் பண்றோம். விசாரணையும் வைக்கிறோம்."

குழுத் தலைவர் தலையாட்டினார். மனிதத் தவறு, எங்கேயும் நடப்பதுதான் என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். எல்லாரும் முடிக்கத்தான் விரும்பினார்கள். நான் ஓரத்தில் லாக் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இதுக்கு முன்னாடி நடந்ததே இல்ல என்கிற வார்த்தை என் காதிலேயே நின்றது. ஆயிரம் நாள் மூடச் சொன்னவர்கள் இவர்கள். ஆயிரம் நாள் மூடியவன் என் தம்பி. இன்றைக்கு அவனைப் பலிகடா ஆக்கிவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிடப் போவார்கள்.

"அவர் தப்பு இல்ல" என்றேன். "தினமும் இந்த நேரத்துக்கு மூடுறதுதான். மூணு வருஷமா மூடுறோம்."

ஜி.எம். என் பக்கம் திரும்பி, மேடம், நீங்க கொஞ்சம் இருங்க என்றார். கண்ணாடிப் பெண் என் கையிலிருந்த புத்தகத்தைக் கேட்டாள். கொடுத்தேன். அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் அதே நேரத்தில் அதே வார்த்தை, என் கையெழுத்தில்.

"இந்தப் பராமரிப்பு எல்லாம்?"

"அது பராமரிப்பு இல்லைங்க. வால்வு மூடின நேரம். எழுதினது நான்தான்."

"அதையும் சேர்த்தா எவ்வளவு வரும்?"

"ஐம்பத்தெட்டு."

அவள் குறித்துக்கொண்டாள். நாற்பது மெகாவாட் கணக்கையும் கேட்டாள், சொன்னேன். நீராவியை மூடாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள். மாலையில் அந்த நாற்பதை ஈடுகட்ட வேறு எங்கேயாவது இன்னொரு கரிக் கொதிகலனை எரிக்க வேண்டும், அதற்கு மாப்பிள்ளை கிடையாது என்றேன். மாப்பிள்ளை என்று வாய் தவறி வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஜி.எம்.முக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர்மேல் எனக்கு அப்போது கோபம்கூட இல்லை. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று இருந்தது.

ஷிப்ட் முடிந்து தம்பி வெளியே வரும்வரை கேட்டருகில் காத்திருந்தேன். அவனை யாரும் சஸ்பெண்ட் செய்யவில்லை. நான் சொன்ன பிறகு அப்படிச் செய்ய முடியாது. காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். நின்றான். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். தெரியும் என்றான்.

"என்னை சஸ்பெண்ட் பண்ணியிருந்தா ஆறு மாசம் வீட்ல உட்கார்ந்துட்டுத் திரும்பி வந்திருப்பேன்க்கா. அவங்களே கூப்பிட்டிருப்பாங்க. நிலையம் இருந்திருக்கும்."

உன்மேல் பழி போட்டார்கள், எனக்குத் தாங்கவில்லை என்றேன். அவன் வண்டியைக் கிளப்பினான். ஏறிக்கொள் என்று சொல்லவில்லை. மூன்று வருடத்தில் எங்கள் இரண்டு பேரின் நேரமும் ஒத்துப்போன நாளெல்லாம் அவன் பின்னால்தான் உட்கார்ந்து போயிருக்கிறேன். அன்றைக்குப் பேருந்தில் போனேன்.

எதற்காகப் பேசினேன் என்று பல நாள் யோசித்தேன். தம்பிக்காகவா, மூன்று வருடமாக ஒரே வார்த்தையை எழுதி எழுதி அலுத்துப்போனதாலா, கரைசலை முகர்ந்து பார்த்த அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லப் பிடிக்காததாலா? எதுவாக இருந்தாலும் அந்தச் சமயத்தில் நான் அவனிடம் கேட்கவில்லை. முந்நூறு அடி தள்ளித்தான் இருந்தான். ஒரு போன் செய்து, சொல்லட்டுமாடா என்று கேட்டிருக்கலாம்.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது. மின் நிலையங்களுக்கு இந்த இயந்திரம் இனிமேல் வேண்டாம். எங்கள் நிலையத்தை இரண்டு வருடம்கூடப் பொறுக்காமல் பதினான்கு மாதத்தில் மூடுவது. சிமெண்ட் ஆலைகளில் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது வருகிற வாயுவைப் பிடிக்க வேறு வழி கிடையாது, அதனால் மாப்பிள்ளையைக் கழற்றி ஒரு சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோவது. அறிக்கையைப் படித்தேன். குறை சொல்ல ஒரு வரி அகப்படவில்லை. கண்ணாடிப் பெண் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அதோடு எனக்குத் தனியாக ஒரு கடிதம். கரைசலைத் தெரிந்த ஆள் வேண்டும், ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடம் சிமெண்ட் ஆலைக்கு வர முடியுமா என்று. தங்க இடமும் கொடுப்பார்கள். டர்பைன் தெரிந்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சிமெண்ட் ஆலையில் டர்பைன் எங்கே இருக்கப்போகிறது. எனக்கு இழக்கவும் ஒன்றுமில்லை, கிடைக்கவும் ஒன்றுமில்லை என்று நினைத்துப் பேசியவள் நான். இப்போது மொத்த நிலையத்திலும் வேலை கிடைத்த ஒரே ஆள் நான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். வேறு யார் வாயிலிருந்தாவது அவன் கேட்பதைவிட நானே சொல்வது மேல் என்று பட்டது. அவனுடைய மனைவி வாங்க அண்ணி என்று உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பெண்களும் வந்து என்னிடம் கொஞ்சம் பேசிவிட்டுப் படிக்கப் போனார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். தம்பி மேசையில் ஏதோ விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். வயது என்கிற கட்டத்தில் இரண்டு தடவை அடித்து எழுதியிருந்தான்.

கடிதத்தைக் கொடுத்தேன். படித்தான். பின்பக்கம் திருப்பி அங்கே ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தான். நீ போகாதே என்றால் போகவில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அவன் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தான்.

"போய்ட்டு வாக்கா. அங்கயும் இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுது. அங்க உனக்குத் தம்பி இல்ல, சுலபமா இருக்கும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. அக்காவுக்கு உள்ள ஒரு வசதியை எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னான். டீயைக் குடித்து முடித்தேன். வரேன் என்றேன். நான்கு மாதம் கழித்து சிமெண்ட் ஆலையில் போய்ச் சேர்ந்தேன்.